நீச்சல் உடையும் நின்றுபோன மாதவிலக்கும்

கேள்வி: டாக்டர், என் இளைய மகளுக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். மாவட்ட அளவில் மெடல்கள் வாங்கியிருக்கிறாள். போன வருடத்திலிருந்து அவளுடைய டைமிங் முன்னேறவில்லை. வெயிட் போட்டுவிட்டதுதான் காரணம் என்கிறார் கோச். திங்கட்கிழமைதோறும் பெண்களை நீச்சல் உடையோடு வரிசையில் நிற்க வைத்து எடை பார்த்து, எல்லார் கண்ணிலும் படும்படி போர்டில் எழுதிப் போடுகிறார். ஆறு மாதத்தில் 57 கிலோவிலிருந்து 50க்கு இறங்கிவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. கேட்டால் "பசிக்கலம்மா" என்கிறாள். நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ஃபோனைத் திறந்தால் ஒட்டிய வயிற்றோடு பிகினியில் நிற்கும் பெண்களின் ஃபிட்னஸ் வீடியோக்கள்தான். நீச்சல்குளத்தின் விளிம்பு வரை துண்டைச் சுற்றிக்கொண்டே போகிறாள்.

வீட்டில் தினமும் சண்டை. "வயசுப் பொண்ணுக்கு அந்த டிரஸ் எதுக்கு, நீச்சலையே நிறுத்து" என்கிறார் மாமியார். "கோச் சொல்றதுதான் சரி, ஸ்போர்ட்ஸ்னா டிசிப்ளின் வேணும், கடுமையா பயிற்சி செஞ்சா பீரியட்ஸ் தள்ளிப்போறது சகஜம்" என்கிறார் கணவர். காலேஜ் படிக்கும் மூத்தவளோ "எந்த உடம்பும் அழகுதான், அவளை யாரும் எதுவும் சொல்லாதீங்க" என்கிறாள். ஆறு வாரத்தில் மாநிலப் போட்டி. நான் யார் பக்கம் நிற்பது?

— ஒரு தாய், கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

யார் பக்கம் நிற்பது என்பதை அப்புறம் பேசலாம். இந்த வாரமே மகளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலே காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான வரையறை. உங்கள் மகளுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. கூடவே ஏழு கிலோ குறைந்திருக்கிறது, ராத்திரிச் சாப்பாடும் நின்றிருக்கிறது. இதைப் போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்று கவனித்தேன். மாமியார் உடையைப் பற்றிப் பேசுகிறார், கணவர் ஒழுக்கத்தைப் பற்றி, மூத்த மகள் அழகைப் பற்றி. அந்தப் பெண் பட்டினி கிடக்கிறாள் என்பதை யாருமே விவாதிக்கவில்லை. நீங்கள் மட்டும்தான் அதை எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நடுவில் ஒரு வரியாக.

"கடுமையான பயிற்சியில் பீரியட்ஸ் நிற்பது சகஜம்" என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிகக் கெடுதல் செய்வது அதுதான். பல விளையாட்டுப் பெண்களுக்கு இப்படி நடப்பது உண்மை. அடிக்கடி நடப்பதால் அது ஆரோக்கியம் ஆகிவிடாது. காரணம் பயிற்சி மட்டுமே அல்ல. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாததுதான். வருமானம் சுருங்கிய வீட்டில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மற்ற செலவுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவோம் அல்லவா, உடம்பும் அதையேதான் செய்கிறது. இதயமும் மூளையும் ஓடியாக வேண்டும். அதனால் கருப்பைக்கான செலவை நிறுத்துகிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் சமிக்ஞை மங்கி, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மாதவிலக்கு நிற்பது நம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது எலும்பில்.

ஒரு பெண் வாழ்நாள் முழுக்க நம்பியிருக்கப்போகும் எலும்பின் அடர்த்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதைச் சேர்க்க ஈஸ்ட்ரோஜன் தேவை. உங்கள் மகளுக்கு அது குறைந்திருப்பது 16 வயதில். போதாததற்கு, நீச்சல் எலும்பை வலுப்படுத்தும் விளையாட்டும் அல்ல. ஓடினால், குதித்தால் எலும்பில் அழுத்தம் விழும். தண்ணீர் நம்மைத் தாங்கிக்கொள்வதால் நீந்தும்போது அது கிடைப்பதில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீச்சலைப் போல நல்லது குறைவு. ஆனால் பட்டினியோடு சேர்ந்த நீச்சல் எலும்புக்கு இரட்டை நஷ்டம்.

மாதவிலக்கு, எலும்பு, உணவுக் குறைவு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விளையாட்டு மருத்துவர்கள் 1990களிலேயே சொல்லத் தொடங்கினார்கள். 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரிவுபடுத்தி ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. விளையாட்டு வீரர்களுக்கு வரும் ஆற்றல் பற்றாக்குறை, அவ்வளவுதான் அதன் பொருள். இது ஆண் பிள்ளைகளுக்கும் வரும். அமெரிக்காவின் ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 2019ல் தன் கதையை வெளியே சொன்னார். பதின்ம வயதிலேயே தேசிய அளவில் பேசப்பட்டவர். எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிலக்கு இல்லாமல் போய், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். உங்கள் கணவர் டிசிப்ளின் என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை படிக்கட்டும்.

கோச்சின் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. பூப்பெய்திய பிறகு சில வருடங்களுக்குப் பெண்ணின் உடம்பில் இடுப்பு அகலும், கொழுப்பு கூடும். ஈஸ்ட்ரோஜன் செய்ய வேண்டிய வேலை அது. அந்தச் சமயத்தில் டைமிங் ஒன்றிரண்டு வருடம் அப்படியே நிற்பது பெண் பிள்ளைகளிடம் வழக்கமாகப் பார்ப்பதுதான். புது உடம்புக்குப் பழகிக்கொண்டபின் மறுபடி முன்னேறுவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்றும் வெயிட் என்றும் தப்பாகக் கணக்குப் போட்டு எடையைக் குறைத்தால், முதல் சில வாரம் வேகம் கூடினாற்போலத் தெரியலாம். அதை நம்பி இன்னும் குறைப்பார்கள். அப்புறம்தான் தோள்வலி, அடிக்கடி சளி, தூக்கமின்மை, எரிச்சல், பாடத்தில் கவனம் இல்லாமை எல்லாம் வரிசையாக வரும். அதற்கும் "மனசு வைக்க மாட்டேங்கிறா" என்று திட்டு விழும்.

நீச்சலுக்கு ஒல்லி உடம்புதான் வேண்டும் என்பதே சந்தேகத்துக்குரிய பேச்சு. கொழுப்பு மிதக்க உதவும், குளிரைத் தாங்க வைக்கும். 1926 ஆகஸ்ட் 6 அன்று இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் கெர்ட்ரூட் எடெர்லி ஒன்றும் கொடியிடையாள் அல்ல. தோளும் தொடையும் திரண்ட பெண். பதினான்கரை மணி நேரத்தில் கரையேறி, அதுவரை ஆண்கள் வைத்திருந்த சாதனையை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தால் முறியடித்தார். அவருடைய உடையும் சுவாரசியமானது. அதற்கு முந்தைய வருட முயற்சியில் போட்ட உடை உடம்பை உராய்ந்து படுத்தியதால், அக்காவும் தங்கையுமாக யோசித்து இரண்டு துண்டாக ஒரு பட்டு உடையை வடிவமைத்தார்கள். நீந்த வசதி வேண்டும், அது ஒன்றுதான் கணக்கு. ஏறக்குறைய 20 வருடம் கழித்து, 1946 ஜூலையில், பாரிஸின் மோலிட்டர் நீச்சல்குளத்தில் லூயி ரேயார் பிகினியை அறிமுகம் செய்தபோது கணக்கு வேறு. வழக்கமான மாடல்கள் போட மறுத்ததால் ஒரு நடனக்காரரை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அதுவும் இரண்டு துண்டுதான், ஆனால் பார்க்கப்படுவதற்காகத் தைத்தது. உங்கள் மகளிடம் இருப்பது முதல் வகை உடை. அவள் ஃபோனில் பார்ப்பது இரண்டாவது. திங்கட்கிழமை தராசு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது: நீந்துவதற்கான உடையில் அவளைப் பார்வைக்கு நிறுத்துகிறது.

அப்படி நிற்பது தலைக்குள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1998ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவ மாணவிகளை ஓர் அறையில் தனியாக, கண்ணாடி முன் விட்டார்கள். சிலருக்கு நீச்சல் உடை, சிலருக்கு ஸ்வெட்டர். போட்டுக்கொண்டு அதே கோலத்தில் ஒரு கணக்குத் தேர்வு எழுதச் சொன்னார்கள். நீச்சல் உடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிட மதிப்பெண் குறைவாக வாங்கினார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அறையில் வேறு யாருமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற எண்ணம் கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஓர் ஆய்வை வைத்துப் பெரிதாக முடிவு கட்ட வேண்டாம். ஆனால் தனியாக நின்றாலே இப்படி என்றால், வரிசையில் நிறுத்தி எண்ணைப் போர்டில் எழுதினால் என்னவாகும்? துண்டைச் சுற்றிக்கொண்டு விளிம்பு வரை போகிறாளே, அதுதான் ஆகும்.

அந்த வீடியோக்களைப் பற்றி. போட்டி மேடைக்கும் போட்டோவுக்கும் தயாராகும் ஃபிட்னஸ் மாடல்கள் பல வாரம் பட்டினிக்குப் பக்கத்தில் இருப்பார்கள். கடைசி நாட்களில் தண்ணீரையும் உப்பையும் குறைப்பவர்கள் உண்டு. தோலில் சாயம் பூசி, வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து எடுத்த அந்த உடம்பு ஒன்றிரண்டு நாள்தான் அப்படி இருக்கும். அவர்களில் பலருக்கும் மாதவிலக்கு தடைப்படுவது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். ஆரோக்கியம் என்று பெயர் ஒட்டி வருவதால்தான் இந்தப் படங்கள் சினிமாப் படங்களைவிட ஆபத்து. சினிமாவை நடிப்பு என்று நாம் தள்ளிவிடுவோம். இது நம்மை ஒழுக்கம் கெட்டவர்களாக உணர வைக்கும்.

2015 ஏப்ரலில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு மஞ்சள் விளம்பரம் ஒட்டினார்கள். பிகினி போட்ட ஒல்லியான பெண். 'கடற்கரைக்கு உங்கள் உடம்பு தயாரா?' என்று கேள்வி. எடை குறைக்கும் பவுடர் விற்பனை. 70,000 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்புக்கு 378 புகார்கள் போயின. படம் யாரையும் புண்படுத்துவதாகச் சொல்ல முடியாது என்று அந்த அமைப்பு தீர்ப்புச் சொன்னது. ஆனால் எடை குறைப்பைப் பற்றிய வாசகங்களுக்காக அதே வடிவில் மறுபடி வரக்கூடாது என்றது. அடுத்த வருடம் லண்டன் மேயர், உடம்பைப் பற்றித் தாழ்வாக நினைக்க வைக்கும் விளம்பரங்களை நகரப் போக்குவரத்தில் தடை செய்வதாக அறிவித்தார். இரண்டு தரப்பும் மூச்சுமுட்டச் சண்டை போட்டது அந்த மாடல் அழகா, அவமானமா என்பதைப் பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது யாரும் அதிகம் பேசாத அந்த வாசகத் தீர்ப்புதான். சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் குடி என்று சொல்வது மருத்துவப் பிரச்சினை, ரசனைப் பிரச்சினை அல்ல.

மூத்த மகளின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் "நீ அழகாத்தான் இருக்கே" என்று எவ்வளவு சொன்னாலும் பேச்சு திரும்பத் திரும்ப உடம்பு எப்படித் தெரிகிறது என்பதிலேயே வந்து நிற்கும். தங்கைக்கு இப்போது தேவை அழகுச் சான்றிதழ் அல்ல. "நேத்து எட்டு தடவை நூறு மீட்டர் நீந்தினது எப்படி இருந்துச்சு, தோள் வலிக்குதா" என்று கேட்கும் ஆள். "யாரும் எதுவும் சொல்லாதீங்க" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, நம் பிள்ளைகளுக்கு வராது என்று உறவில் யாராவது சொல்வார்கள். பிஜித் தீவில் பரம்பரையாகக் கொழுத்த உடம்புக்குத்தான் மரியாதை இருந்தது. 1995ல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அப்போது ஆய்வுக்கு எடுத்த பள்ளிப் பெண்களில் எடை குறைக்க வாந்தி எடுப்பவர் ஒருவரும் இல்லை. மூன்று வருடம் கழித்து 11.3 சதவீதம் பேர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நம் வீட்டில் ஆளுக்கொரு ஃபோன் இருக்கிறது.

மாமியாரின் பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். நீச்சலை நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. அவளுக்குப் பிடித்த ஒன்றைத் தண்டனையாகப் பிடுங்கினதாக ஆகும். ஆனால் உடையில் தேர்வு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2010ல் வந்த சர்வதேச விதிப்படி பெண்கள் தோளிலிருந்து முழங்கால் வரை மூடும் துணி உடையில் போட்டியிடலாம். அதற்கு முந்தைய பாலியூரித்தேன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) உடைகள் தடை செய்யப்பட்டது மிதக்க உதவியதால், மூடியதால் அல்ல. அந்த உடைகள் புழங்கிய 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. முழங்கால் உடை கடைகளில் கிடைக்கிறது. அது வேண்டுமா என்று அவளைக் கேளுங்கள், நீங்களாக வாங்கி வந்து கொடுக்காதீர்கள். 2021ல் நார்வே கடற்கரை ஹேண்ட்பால் பெண்கள் பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டதற்கு அந்த அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். பிகினியின் பக்கவாட்டு அகலம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதியாம்! எதிர்ப்பு கிளம்பி அதே வருடம் விதி மாறியது. குறைக்கச் சொல்கிற விதியானாலும் மூடச் சொல்கிற பாட்டியானாலும், போடப்போகிறவளை யாரும் கேட்கவில்லை என்பது பொது. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: நீளமான உடை வாங்கிக் கொடுத்தால் ராத்திரி சாப்பிட ஆரம்பித்துவிடுவாள் என்று.

சரி, டாக்டரிடம் என்ன கேட்பது? மகப்பேறு மருத்துவரோ விளையாட்டு மருத்துவரோ, முதலில் யார் கிடைக்கிறாரோ அவர். உயரம், எடை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஈசிஜி. ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பொட்டாசியம், தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ராடியால், வைட்டமின் டி. கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், மாதவிலக்கு நின்று வரும் எந்தப் பெண்ணுக்கும் செய்யும் வழக்கம் அது. மகளோடு டாக்டர் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே போய் உட்காருங்கள். வாந்தி எடுக்கிறாளா, பேதி மாத்திரை போடுகிறாளா என்பதை உங்கள் முன்னால் சொல்ல மாட்டாள். நாடித்துடிப்பு பகலில் 50க்குக் கீழே இருந்தால் "நீச்சல்காரப் பொண்ணுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சியாலும் குறையும், பட்டினியாலும் குறையும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தொடர்ந்த வாந்தி இருந்தால் அப்பாயின்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பீரியட்ஸ் வர மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதோடு திருப்தியாகித் திரும்பி வராதீர்கள். மாத்திரையால் ரத்தப்போக்கு வரும். எலும்பு சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மருந்து சாப்பாடுதான்.

எவ்வளவு சாப்பாடு? தோராயமாகச் சொல்கிறேன். கொழுப்பைக் கழித்த உடல் எடையில் கிலோவுக்கு 45 கலோரி, பயிற்சியில் செலவானது போக மிஞ்ச வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் ஹார்மோன்கள் தடுமாறும். உங்கள் மகளுக்கு அந்த எடை 40 கிலோ என்று வைத்தால் 1,800. பயிற்சிக்கு 800 சேர்த்தால் 2,600. இரண்டு இட்லியும் ஒரு ஆப்பிளும் வைத்து இதை எட்ட முடியாது. காலைப் பயிற்சி முடிந்த கையோடு வாழைப்பழம், முட்டை, பால். மத்தியானம் சோறு, பருப்பு, நெய், ஒரு பொரியல், தயிர். சாயங்காலம் சுண்டல் அல்லது கடலை உருண்டை. ராத்திரி குடும்பத்தோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடு, தட்டை ரூமுக்கு எடுத்துப் போகாமல். இந்தக் கலோரிக் கணக்கு உங்களுக்கு. அவளிடம் எண்களைச் சொல்லாதீர்கள். அவளிடம் ஏற்கெனவே போதுமான எண்கள் இருக்கின்றன. வீட்டில் எடை மிஷின் இருந்தால் எடுத்துவிடுங்கள். "இளைச்சு லட்சணமா ஆயிட்டியே" என்று கல்யாண வீட்டில் புகழும் அத்தைகளை நீங்களே முன்கூட்டிப் பேசி நிறுத்துங்கள்.

உட்கார வைத்து விசாரணை நடத்தினால் பேச மாட்டாள். பயிற்சிக்கு வண்டியில் கூட்டிப் போகும்போது பேசுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். "நீ சோர்ந்து தெரியுறே, நாலு மாசமா தேதி தள்ளிப்போயிருக்கு, எனக்குப் பயமா இருக்கு, டாக்டரைப் பார்க்கலாம்." அவ்வளவு போதும். மறுத்தாலும் அழைத்துப் போங்கள். சாப்பாட்டின் மேல் பயமே வந்துவிட்டதாக டாக்டர் நினைத்தால் மனநல மருத்துவரும் உணவு ஆலோசகரும் சேர வேண்டும். பதின்ம வயதினருக்கு முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சையே, கொஞ்ச காலம் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் கையில் எடுப்பதுதான். வழி தெரியாமல் தவித்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது; தமிழிலேயே பேசலாம்.

கோச்சைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரை அவருடைய கோச் இப்படித்தான் நடத்தியிருப்பார். நேரில் போய், கணவரையும் கூட்டிக்கொண்டு, இதைச் சொல்லுங்கள்: "சார், இனிமேல் என் பொண்ணை வெயிட் பார்க்க வேண்டாம். தேவைப்பட்டால் டாக்டர் பார்ப்பார். மற்ற பிள்ளைகளுடையதையும் போர்டில் எழுதாமல் இருந்தால் நல்லது." கணவர் சொன்னால் இன்னும் எடுபடும், டிசிப்ளினை நம்புகிறவர் சொல்வதை டிசிப்ளினை நம்புகிறவர் கேட்பார். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஓரிருவரிடமும் பேசிப் பாருங்கள். அந்த வரிசையில் நிற்கும் எல்லாப் பெண்களுக்கும் தேதி ஒழுங்காக வருகிறது என்று நான் நம்பவில்லை. மறுத்தால், கோவையில் வேறு நீச்சல்குளம் இல்லாமல் இல்லை.

மாநிலப் போட்டி: பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் அனுமதிக்கும் வரை பயிற்சியே பாதியாக இருக்கட்டும், போட்டி வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற கணக்கு வீட்டில் ஓடுகிறது என்று ஊகிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாலும் மாதவிலக்கு திரும்பச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்குள் எடை ஏறும், ஏற வேண்டும். ஏறும்போது அவள் பயப்படுவாள், உங்கள் கணவரும் பயப்படுவார். அப்போது மறுபடி எழுதுங்கள்.